ஒரே ஒரு ஹிட், ஒரே ஒரு ரன்: கோஃபாக்ஸும் ஹெண்ட்லியும் மோதிய இரவு

1965 செப்டம்பர் 9, வியாழக்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தில் 29,139 பேர். டாட்ஜர்ஸுக்கும் சிகாகோ கப்ஸுக்கும் நடந்த அந்த பேஸ்பால் ஆட்டத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து 53 முறை பேட்டர்கள் வந்து நின்றார்கள். அதில் பேஸை, அதாவது ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்களில் ஒன்றை, எட்டியது இரண்டே தடவை. அந்த இரண்டு தடவையும் ஒரே ஆள், டாட்ஜர்ஸின் லூ ஜான்சன். மொத்த ஆட்டத்துக்கும் ஒரே ஒரு ஹிட் (எதிரணியின் பிழையில்லாமல், பந்தை அடித்துப் பேஸைப் பிடிப்பது), அதுவும் அவர் அடித்ததுதான். ஆனால் ஆட்டத்தைத் தீர்மானித்த ரன் அந்த ஹிட்டிலிருந்து வரவே இல்லை.

டாட்ஜர்ஸ் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) சாண்டி கோஃபாக்ஸின் பெர்ஃபெக்ட் கேம் என்றுதான் இதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான், ஆனால் அது பாதிக் கதை. எதிரே நின்ற கப்ஸ் பிட்ச்சர் பாப் ஹெண்ட்லி ஒரு ஹிட், ஒரு வாக் (அடிக்காமலேயே பேட்டருக்குக் கிடைக்கும் முதல் பேஸ்) மட்டும் கொடுத்துவிட்டுத் தோற்றுப் போனார். இரண்டு பிட்ச்சர்களும் இந்த அளவுக்கு வீசினால் பேட்டால் ஜெயிக்க வழியில்லை. ரன் வேறு பக்கத்திலிருந்துதான் வந்தாக வேண்டும், ஓடுகிறவனின் காலிலிருந்தோ எதிரணியின் அவசரத்திலிருந்தோ. அன்று அது எப்படி வந்தது, ஏன் அந்த அணிக்கு மட்டும் வந்தது என்பதைக் கவனித்தால் 1-0 என்ற ஸ்கோருக்குள் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று புரியும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். பெர்ஃபெக்ட் கேம் என்றால் ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக 27 பேட்டர்கள், 27 அவுட். ஹிட் கிடையாது, வாக் கிடையாது, ஃபீல்டர் கைநழுவி ஒருவன் பேஸுக்குப் போவதும் கிடையாது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே பவுலர் வீசி, எதிரணியில் ஒருவர்கூட ஒரு ரன் ஓடவில்லை, ஓர் எக்ஸ்ட்ராகூட போகவில்லை என்றால் எப்படி இருக்குமோ அப்படி. 19-ம் நூற்றாண்டையும் சேர்த்துக்கொண்டாலும், அமெரிக்காவின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் வரலாற்றில் அதுவரை ஏழு பேர்தான் செய்திருந்தார்கள். கோஃபாக்ஸ் எட்டாவது.

சரி, அந்த ஒரு ரன்னுக்கு வருவோம். ஐந்தாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் பேட்டிங். அதுவரை இரண்டு பக்கமும் ஒருவர்கூட பேஸுக்குப் போகவில்லை. முதலில் வந்த லூ ஜான்சனுக்கு ஹெண்ட்லி நான்கு 'பால்', அதாவது இலக்குக்கு வெளியே போகிற பந்து, போட்டார், வாக். அந்த ஆட்டத்தின் ஒரே வாக் அதுதான். அடுத்து வந்த ரான் ஃபேர்லி பேட்டை வீசவே இல்லை. பந்தை மெதுவாகத் தட்டி பன்ட் செய்து தான் அவுட்டாகி, ஜான்சனை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஒரு அவுட்டைக் கொடுத்து ஒரு பேஸை வாங்குகிற கணக்கு. அடுத்த பேட்டர் ஜிம் லெஃபீவ்ர் நிற்கும்போதே ஜான்சன் மூன்றாவது பேஸைத் திருட, அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே அதைப் பிடிக்க, ஓடினார். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கப்ஸ் கேட்ச்சர் கிறிஸ் க்ரூக் எழுந்து மூன்றாவது பேஸை நோக்கி வீசினார். பந்து அங்கே நின்ற ரான் சாண்டோவைத் தாண்டி லெஃப்ட் ஃபீல்டுக்குப் போய்விட்டது. ஜான்சன் நிற்காமல், பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தார். ஹிட் இல்லாமல் வந்த ரன். எதிரணியின் பிழையால் வந்தது என்பதால் ஹெண்ட்லியின் கணக்கில் அது 'அன்எர்ன்ட்', அதாவது பிட்ச்சர் மேல் ஏற்றாத ரன்.

இதைப் பார்த்துவிட்டு க்ரூக்கின் பிழை என்று ஒரு வரியில் எழுதி முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு அவுட் இருக்கும்போது மூன்றாவது பேஸில் ஒருவன் நின்றால் என்ன ஆகும்? அவுட்ஃபீல்டுக்கு ஓரளவு ஆழமாக ஒரு பந்து உயரப் போனாலே போதும், அது பிடிபட்டாலும் ரன்னர் ஹோமுக்கு ஓடிவிடலாம். தரையோடு மெதுவாக உருளும் ஒரு பந்தே ரன் ஆகிவிடலாம். ஹிட்டே தேவையில்லை. அன்றைய கோஃபாக்ஸ் எதிரே இருக்கும்போது கப்ஸ் ஒரு ரன் கொடுத்தால் அதைத் திருப்பி எடுப்பார்களா என்பது சந்தேகம். அது க்ரூக்குக்குத் தெரியாமல் இருக்காது. சாதாரண நாளில் மூன்றாவது பேஸ் போனால் போகட்டும் என்று பந்தைக் கையில் வைத்துக்கொள்ளும் கேட்ச்சர்கூட, இப்படி ஒரு ஆட்டத்தில் வீசித்தான் பார்ப்பார். அந்த வீச்சின் அவசரத்துக்குக் காரணம் எதிரணியின் பிட்ச்சர் என்றுதான் சொல்வேன். கோஃபாக்ஸ் அப்போது மைதான ஓரத்தில் தன் அணியின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் அந்த ரன்னில் அவருக்குப் பங்கு உண்டு.

இன்னொரு பக்கம், இப்படி ரன் எடுப்பதுதான் அந்த டாட்ஜர்ஸ் அணியின் பிழைப்பே. 1965 சீசன் முழுக்க அவர்கள் அடித்த ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகிற அடி) 78 மட்டும், மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கிலேயே மிகக் குறைவு. பந்தைப் பலமாக அடிக்கிற ஆட்கள் குறைவு. பதிலுக்கு மோரி வில்ஸ் என்ற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கிற ஃபீல்டர்) அந்த ஒரு சீசனில் 94 பேஸ் திருடினார். இன்ஃபீல்டில் நிற்கிற வெஸ் பார்க்கர், லெஃபீவ்ர், வில்ஸ், ஜிம் கில்லியம் நால்வரும் வலது கை, இடது கை என்று இரண்டு விதமாகவும் பேட் பிடிக்கத் தெரிந்தவர்கள். ஒரு வாக், ஒரு பன்ட், ஒரு திருட்டு, எங்காவது ஒரு தடுமாற்றம், அதில் ஒரு ரன். மீதியை கோஃபாக்ஸோ இன்னொரு பிட்ச்சர் டான் டிரைஸ்டேலோ பார்த்துக்கொள்வார்கள். அந்த வருடம் அவர்கள் ஜெயித்த 97 ஆட்டங்களைப் புரிந்துகொள்ள இந்த ஐந்தாவது இன்னிங்ஸைப் பார்த்தாலே போதும் என்று தோன்றுகிறது. லூ ஜான்சனே அந்த அணியின் முதல் திட்டத்தில் இல்லாதவர். நட்சத்திர பேட்டர் டாமி டேவிஸ் மே மாதம் கணுக்கால் உடைந்து படுத்தபிறகு கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்கிலிருந்து கூப்பிட்டு அனுப்பப்பட்டவர். பல வருடம் கீழேயே அலைந்து முப்பது வயதில் ஒரு வாய்ப்பு கிடைத்த மனிதர், அதை விடவில்லை.

ஹெண்ட்லியைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். இவரும் இடது கை பிட்ச்சர்தான். அந்த வருடம் மே மாதக் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸிடமிருந்து கப்ஸுக்கு மாற்றப்பட்டவர். பெரிய பெயர் இல்லை, முழங்கைத் தொந்தரவு வேறு. அன்று இரவு அவர் எடுத்த ஸ்டிரைக்அவுட், அதாவது பேட்டர் மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு அவுட்டாவது, மூன்றுதான். எதிரே கோஃபாக்ஸ் எடுத்தது 14. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நல்ல பிட்ச்சிங்கில் இரண்டு வகை இருப்பது தெரியும். ஒருவர் பேட்டரைப் பந்தைத் தொடவே விடாதவர். இன்னொருவர் தொட விடுவார், ஆனால் நன்றாகத் தொட விடமாட்டார். மூலைகளைப் பார்த்து வீசி, வேகத்தை மாற்றி, பேட்டின் நுனியிலோ கைப்பிடிப் பக்கத்திலோ பட வைத்து, தரையில் உருள்கிற பந்தும் சுலபமாகப் பிடிக்கிற பந்துமாக வர வைப்பார். இதற்குப் பின்னால் நல்ல ஃபீல்டர்கள் வேண்டும். ஹெண்ட்லிக்கு அது இருந்தது. மூன்றாவது பேஸில் நின்ற சாண்டோ வரிசையாகப் பல வருடம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கியவர், முதல் பேஸில் எர்னி பேங்க்ஸ். அப்படிப்பட்ட சாண்டோ இருந்தும் பிடிக்க முடியாத இடத்துக்கு க்ரூக்கின் பந்து போனது என்றால் அது எவ்வளவு விலகிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது இன்னிங்ஸில் ரன் போனபிறகும் ஹெண்ட்லி ஹிட் கொடுக்கவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆனபிறகுதான் அது வந்தது. ஜான்சன் பேட்டில் சரியாகப் படாத ஒரு பந்து முதல் பேஸுக்குப் பின்னால் காலி இடத்தில் போய் விழுந்து இரண்டு பேஸ் ஹிட் ஆனது. பேங்க்ஸால் எட்ட முடியவில்லை. அடுத்த பேட்டர் அவுட், ஜான்சன் அங்கேயே நின்றுபோனார். அந்தப் பந்து நாலடி தள்ளி விழுந்திருந்தால் இருபக்கமும் நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம். அப்போதும் கப்ஸ் 1-0 என்று தோற்றிருப்பார்கள், அதுதான் வலிக்கிற இடம்.

இனி கோஃபாக்ஸ். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, 1955-ல் சொந்த ஊர் அணியான டாட்ஜர்ஸிலேயே சேர்ந்தவர். முதல் ஆறு வருடத்தில் அவருடைய கணக்கு 36 வெற்றி, 40 தோல்வி. வேகம் பயங்கரமாக இருந்தது, பந்து எங்கே போகும் என்பதுதான் தெரியாது. 1961 வசந்தகாலப் பயிற்சியின்போது கேட்ச்சர் நார்ம் ஷெரி அவரிடம், எல்லாப் பந்தையும் முழு பலத்தோடு வீச வேண்டாம், கொஞ்சம் தளர்த்தி வீசிப் பார் என்றார். வீசிப் பார்த்தார், வேகம் குறையவில்லை, பந்து மட்டும் சொன்ன இடத்துக்குப் போக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை 129 வெற்றி, 47 தோல்வி. ஒரே ஆள்தானா என்று கேட்க வைக்கும் மாற்றம்.

அவரிடம் இருந்தது பெரும்பாலும் இரண்டே பந்து. ஒன்று ஃபாஸ்ட்பால், மற்றது கர்வ்பால். இரண்டையும் தலைக்கு மேலிருந்து ஒரே மாதிரிக் கை வீச்சில் விடுவார். ஃபாஸ்ட்பால் பின்பக்கமாகச் சுழன்று வருவதால் காற்று அதைத் தாங்குகிறது, கண் எதிர்பார்க்கிற அளவுக்கு அது கீழே இறங்காது. பேட்டருக்கு அது எழும்புகிற மாதிரி தெரியும், பேட் பந்துக்குக் கீழே போகும். கர்வ்பால் இதற்கு நேர் எதிர்ச் சுழற்சி, கண் நினைத்ததைவிட அதிகமாக விழும், பேட் மேலே போகும். கையை விட்ட பந்து பிளேட்டுக்கு வர அரை விநாடிகூட ஆகாது, அதில் பாதி நேரம் எது வருகிறது என்று முடிவு செய்யவே போய்விடும். அன்று ஆரம்ப இன்னிங்ஸ்களில் கர்வ்பால் நன்றாக வேலை செய்தது, ஆட்டம் போகப் போக ஃபாஸ்ட்பாலின் வேகமும் ஏறியது. எதிரே பில்லி வில்லியம்ஸ், சாண்டோ, பேங்க்ஸ் என்று பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். பேங்க்ஸ் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் ஸ்டிரைக்அவுட். கப்ஸ் வரிசையில் டான் யங், பைரன் பிரவுன் என்ற இரண்டு இளைஞர்களுக்கு மேஜர் லீக்கில் அதுதான் முதல் ஆட்டம். முதல் நாளே கோஃபாக்ஸ் என்றால் பாவம்தான். ஆனாலும் இரண்டாவது இன்னிங்ஸில் சென்டர் ஃபீல்டை நோக்கி பிரவுன் அடித்த நேர்ப் பந்து கப்ஸ் அன்று அடித்ததிலேயே நல்ல அடி, வில்லி டேவிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏழாவது இன்னிங்ஸில் ஒரு கட்டம் ஆபத்தாக இருந்தது. வில்லியம்ஸுக்கு முதல் மூன்று பந்துகளும் பால். இன்னொன்று தவறினால் வாக், பெர்ஃபெக்ட் கேம் போச்சு. சுற்றி வளைக்காமல் ஃபாஸ்ட்பாலை நேராகப் போட்டு ஸ்டிரைக் எடுத்தார், கடைசியில் வில்லியம்ஸ் அடித்தது கேட்ச்சாகப் போனது. எட்டாவது இன்னிங்ஸில் சாண்டோ, பேங்க்ஸ், பிரவுன் மூவரும் ஸ்டிரைக்அவுட்.

இதையெல்லாம் எப்படிப்பட்ட கையால் செய்தார் என்பது தெரிந்தால்தான் முழு மதிப்பும் புரியும். 1964 ஆகஸ்ட்டில் இரண்டாவது பேஸுக்குத் திரும்பிப் பாய்ந்தபோது இடது கையில் அடிபட்டு, முழங்கை மூட்டில் வாதம் வந்துவிட்டது. 1965 ஆரம்பத்தில் ஒரு நாள் வீசிவிட்டுத் தூங்கி எழுந்தால் கை முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் கேப்ஸோலின் என்ற மிளகாய்க் காரம் கலந்த களிம்பைத் தோளிலும் முதுகிலும் அழுத்தித் தேய்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் முழங்கையை முக்கி வைத்துக்கொண்டு உட்காருவார், தோல் விறைத்துப் போகாமலிருக்க ரப்பர் உறை போட்டுக்கொண்டு. இந்தக் கையோடு அந்த சீசனில் 335 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 26 ஆட்டம் ஜெயித்து, 382 ஸ்டிரைக்அவுட் எடுத்தார். அப்போது அது நவீன பேஸ்பாலின் சாதனை. 1973-ல் நோலன் ரையன் ஒன்றே ஒன்று கூடுதலாக எடுத்துத் தாண்டினார்.

அந்தக் காலமே பிட்ச்சர்களுக்குச் சாதகமான காலம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விளக்கம் அரைகுறை. 1963-ல் ஸ்டிரைக் ஸோனை, அதாவது பந்து வந்து சேர வேண்டிய இலக்குப் பகுதியை, பெரிதாக்கினார்கள், தோள் உயரத்திலிருந்து முழங்கால் வரை. பிட்ச்சர் நிற்கிற மண்மேடு, அதாவது மவுண்ட், விதிப்படி 15 அங்குலம். டாட்ஜர் ஸ்டேடியத்தில் அது இன்னும் உயரம் என்ற பேச்சு எப்போதும் உண்டு. மேலிருந்து வீசுகிற கோஃபாக்ஸ் மாதிரி ஆளுக்கு ஒவ்வொரு அங்குலமும் லாபம், கர்வ்பால் கூரையிலிருந்து விழுவது போல இறங்கும். 1962-ல் திறந்த அந்த மைதானத்தில் ஃபவுல் பகுதியும், அதாவது ஆட்டக் கோடுகளுக்கு வெளியே உள்ள இடமும், விசாலம், மற்ற ஊரில் கூட்டத்துக்குள் போய் விழுகிற பந்து இங்கே கேட்ச் ஆகும். இந்தப் போக்கு 1968-ல் உச்சத்துக்குப் போனது. செயின்ட் லூயிஸின் பாப் கிப்ஸன் சீசன் முழுக்க ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.12 ரன் என்ற சராசரியில் வீசினார், இன்னொரு பிரிவான அமெரிக்கன் லீக்கில் வெறும் .301 (ஆயிரத்துக்கு 301 ஹிட் என்ற கணக்கு) அடித்த கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு பேட்டிங் பட்டம் கிடைத்தது. பிறகு 1969-லிருந்து மவுண்டைப் பத்து அங்குலமாகக் குறைத்தார்கள், ஸ்டிரைக் ஸோனையும் சுருக்கினார்கள். ஆனால் ஒன்று: இந்தச் சாதகம் எல்லாப் பிட்ச்சர்களுக்கும் இருந்தது. அந்த மேட்டில் நின்று வீசியவர்கள் எத்தனையோ பேர். 27 பேரையும் தொடர்ச்சியாக வீட்டுக்கு அனுப்பியவர் அந்த மைதானத்தின் சொந்த அணியில் இவர் ஒருவர்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். முதலில் வந்தவர் க்ரூக், பந்தைத் தூர வீசிய அதே கேட்ச்சர். ஸ்டிரைக்அவுட். கோஃபாக்ஸ் பலத்தைக் கூட்டிக் கூட்டி வீசியதில் தலையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. வானொலியில் வர்ணனை செய்த வின் ஸ்கல்லி அதைக்கூட விடாமல் சொன்னார், நிமிடத்துக்கு நிமிடம் மணி என்ன என்பதையும் சொல்லிக்கொண்டே போனார். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது, பேஸ்பால் தெரியாதவர்கள்கூட ஒரு தடவை கேட்கலாம், கூட்டத்தின் சத்தம் ஏறி இறங்குவதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அடுத்து மாற்று பேட்டராக ஜோ அமல்ஃபிடானோ, அவரும் ஸ்டிரைக்அவுட். இனி ஒரு அவுட்.

அடுத்து பேட் பிடிக்க வேண்டியது ஹெண்ட்லி. அப்போதெல்லாம் பிட்ச்சரும் பேட் பிடித்தாக வேண்டும். இவ்வளவு அருமையாக வீசியவரை உட்கார வைத்துவிட்டு, அவர் இடத்தில் ஹார்வி குவென்னை அனுப்பினார்கள். குவென் சாமானியர் இல்லை, 1959-ல் .353 அடித்து அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டம் வாங்கியவர். ஜயண்ட்ஸிடமிருந்து ஹெண்ட்லியோடு அதே பரிமாற்றத்தில் கப்ஸுக்கு வந்தவரும்கூட. 1963-ல் கோஃபாக்ஸ் ஜயண்ட்ஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் வீசியபோதும் கடைசி அவுட் இதே குவென்தான். இந்தத் தடவையும் அவரே. வீசி அடிக்கப் பார்த்து, தவறவிட்டு, ஸ்டிரைக் மூன்று. மணி இரவு 9:46. கடைசி ஆறு பேரும் ஸ்டிரைக்அவுட், மொத்தம் 113 பந்து, ஆட்டம் நடந்தது ஒரு மணி 43 நிமிடம். நான்கு வருடத்தில் நான்காவது நோ-ஹிட்டர்.

கடைசி ஆறு பேர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கம் இதற்கு நேர்மாறு. ஒரே பிட்ச்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் பழகிவிடுவார்கள், பிட்ச்சரும் களைத்திருப்பார், அப்போதுதான் அடி விழும். இன்றைய மேனேஜர்கள் இந்தக் கணக்கை நம்பித்தான் பிட்ச்சர்களைச் சீக்கிரம் மாற்றுகிறார்கள். 2022 ஏப்ரல் 13 அன்று மினசோட்டாவில் டாட்ஜர்ஸின் இன்னொரு இடது கை மேதை கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட், 13 ஸ்டிரைக்அவுட், வீசியது 80 பந்து மட்டும். மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை எடுத்துவிட்டார். கெர்ஷாவுக்கு முந்தைய சீசனில் கைக் காயம், வயது 34, அதனால் முடிவு தப்பு என்று சொல்ல மாட்டேன். கோஃபாக்ஸ் கையைப் பாதுகாக்காமல் வீசியதற்கு விலை கொடுத்தார்: 1966-ல் 27 ஆட்டம் ஜெயித்த கையோடு, முப்பது வயதில் ஓய்வு. அதற்கு மேல் வீசினால் கையே நிரந்தரமாகப் போய்விடும் என்ற நிலை. இருந்தாலும் ரசிகனாகச் சொன்னால், பிட்ச்சர்கள் ஆட்டத்தை முடிக்கிற வழக்கம் போனதோடு இந்த மாதிரி 1-0 ஆட்டத்தின் நெஞ்சடைப்பும் குறைந்துவிட்டது. ஐந்து பேர் மாறி மாறி வீசி எதிரணியை அடக்குவதும் திறமைதான், ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் யார் ஜெயிப்பார், பேட்டரா களைத்த கையா என்ற கேள்வி அதில் கிடையாது.

அந்த ஒரு ரன் டாட்ஜர்ஸுக்கு எவ்வளவு முக்கியம் என்பது சீசன் முடிவில் தெரிந்தது. ஜயண்ட்ஸைவிட இரண்டே ஆட்டம் கூடுதலாக ஜெயித்துத்தான் நேஷனல் லீக் பட்டத்தை எடுத்தார்கள். அப்புறம் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அக்டோபர் 14, மினசோட்டாவில். இரண்டு நாள் ஓய்வில் வந்த கோஃபாக்ஸுக்கு அன்று கர்வ்பால் சரியாக விழவே இல்லை, ஃபாஸ்ட்பாலை மட்டும் நம்பி 2-0 என்று ஜெயித்தார். அதில் முதல் ரன் ஒரு ஹோம் ரன். அடித்தவர் லூ ஜான்சன்.

ஹெண்ட்லிக்கு இன்னும் சீக்கிரமே பதில் கிடைத்தது. பெர்ஃபெக்ட் கேம் முடிந்த ஐந்தாம் நாள், செப்டம்பர் 14, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் இதே இரண்டு பிட்ச்சர்களும் மறுபடி மோதினார்கள். 2-1. ஜெயித்தவர் ஹெண்ட்லி.